குடும்ப ஒளிப்படங்களைக் கணினியிற் பேணுதல்



ஆண்டு விழா என்றால் அங்கே ஒளிப்படம் இல்லாமற் போகாது. மேடையேறும் பிள்ளை ஒவ்வொன்றையும் குறைந்தது பத்துக் கைப்பேசிகள் படம் பிடிக்கின்றன. ஆட்டம் முடியுமுன்பே அப்படங்கள் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரொறன்ரோவுக்கும் சென்று சேர்ந்துவிடுகின்றன. ஆனால், சென்ற ஆண்டு விழாவில் உங்கள் பிள்ளை கும்மியடித்த படம் எங்கே என்று இன்று கேட்டால், உடனே எடுத்துக் காட்டக் கூடியவர்கள் நம்மில் எத்தனை பேர்? படம் எடுப்பது எளிதாகிவிட்ட இக்காலத்தில், எடுத்த படத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிதாகிவிட்டது.

கைப்பேசியிலும் பழைய பெட்டிகளிலும் சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்களைக் கணினிக்குக் கொண்டுவந்து, ஒழுங்குபடுத்தி, நெடுங்காலம் பேணும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை நான் எழுதுவதற்குத் தனிப்பட்ட காரணமும் ஒன்றுண்டு. இந்நாட்டுக்கு வருமுன் நான் வன்னியில் ஒரு பாடசாலையில் ஆசிரியனாக இருந்தேன். 2007ஆம் ஆண்டில் என் வகுப்புப் பிள்ளைகள் 36 பேருடன் நான் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று என்னிடம் இருந்தது. 2009ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தபோது ஏனைய உடைமைகளோடு அதுவும் போயிற்று. பல ஆண்டுகளின் பின்னர், அதே படம் வாட்ஸ்அப் வழியாக என்னிடம் வந்தது. அவ்வகுப்பிற் படித்த ஒரு பிள்ளையின் தாய் அதனைத் தம்மோடு எடுத்துச் சென்று காத்திருக்கிறார். அதனை யாரோ கைப்பேசியாற் படம் பிடித்து அனுப்ப, அது நாலைந்து பேர் கைமாறி என்னை அடைந்தது. முன்வரிசைப் பிள்ளைகளைக் கண்டவுடன் பெயர் சொல்ல முடிந்தது. பின்வரிசையில் ஐந்து பேரின் முகங்கள் வெறும் நிறப் புள்ளிகளாகவே தெரிந்தன. நாள்தோறும் காலையில் இடாப்பைத் திறந்து அவர்களுடைய பெயர்களைக் கூப்பிட்டவன் நான். அந்த இடாப்பு இன்று இல்லை. பெயர்களும் என் நினைவுக்கு வரவில்லை. படம் தப்பிய பின்னரும் அதில் உள்ளவர்கள் தொலைந்து போகலாம் என்பதை அன்று அறிந்துகொண்டேன்.

அல்பம் வந்த வழி

படங்களைத் தொகுத்து விளக்கம் எழுதி வைக்கும் வழக்கம் புதியதன்று. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். மதுரைப் படங்கள் விளக்கக் குறிப்புகளுடன் தொகுதிகளாக வெளியிடப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமான ஒரே படமாக ஆக்கினார். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தப் பகுதி என்று அன்றே எழுதி வைத்தமையால் அப்படங்கள் இன்றும் ஆய்வாளருக்குப் பயன்படுகின்றன.

பின்னர் நம் ஊர்களில் ஸ்டூடியோக்கள் தோன்றின. திருமணம், பூப்பு நீராட்டு, அறுபதாம் கலியாணம் என ஒவ்வொரு நிகழ்வுக்கும் படம் எடுத்து, கறுப்புத் தாள் அல்பத்தில் மூலைகளைச் செருகி வைத்தனர். வீட்டுக்கு வந்த விருந்தினருக்குத் தேநீருக்கு முன்பே அல்பத்தைக் கொடுப்பதும், அப்பாச்சியோ பாட்டியோ பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முகத்தையும் சுட்டி உறவுமுறை கூறுவதும் வழக்கமாயிருந்தன. அந்த அல்பத்தின் விளக்கவுரை தாளில் இல்லை. அம்மூதாட்டியின் நாவில் இருந்தது. அவர் மறைந்தபோது விளக்கவுரையும் அவருடன் மறைந்தது. கணினி அல்பத்தை அமைக்கும் நாம் மனத்திற் கொள்ளவேண்டிய முதற்பாடம் இதுவே.

பிலிமின்றிப் படமெடுக்கும் கருவியை 1975ஆம் ஆண்டில் கோடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். அது எடுத்த படத்தில் பத்தாயிரம் புள்ளிகளே இருந்தன. ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிய 23 விநாடிகள் பிடித்தன. இன்று உங்கள் கைப்பேசி ஒரு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கொண்ட படத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் எடுத்து முடிக்கிறது.

படக் கோப்பினுள் இருப்பவை

கணினியிலுள்ள ஒரு படத்தைக் கடித உறைக்கு ஒப்பிடலாம். உள்ளே இருக்கும் கடிதமே படம். உறையின் மேல் எழுதப்பட்டிருக்கும் விவரங்கள் வேறு. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் 'ஜேபெக்' என்னும் முறை 1992ஆம் ஆண்டில் தரமாக வெளியிடப்பட்டது. உறையின் மேல் விவரம் எழுதும் 'எக்சிஃப்' என்னும் முறையை 1995ஆம் ஆண்டில் யப்பானியத் தொழில்துறை அமைப்பு ஒன்று வகுத்தது. படம் எடுத்த நாள், மணி, கருவியின் பெயர், சில வேளைகளில் எடுத்த இடம் ஆகியன அதிற் பதியப்படும். அல்ப மென்பொருள் உங்கள் படங்களை நாள்வாரியாக அடுக்கிக் காட்டுவது இவ்விவரங்களைப் படித்தே.

ஆனால், இவ்விவரங்களில் கருவிக்குத் தெரிந்தவை மட்டுமே இருக்கும். அது எந்த நாள் என்று கருவி அறியும்; அது யாருடைய பிறந்தநாள் என்று அறியாது. அதனை எழுதவேண்டியவர் நாமே.

வாட்ஸ்அப் வழியாகப் படம் அனுப்பும்போது இரண்டு இழப்புகள் நேர்கின்றன. படம் சுருக்கப்பட்டு அதன் நுண்மை குறைகிறது. உறையின் மேலுள்ள விவரங்களும் நீக்கப்படுகின்றன. படத்தைக் கைப்பேசியாற் படம் பிடித்து, அதனையும் சுருக்கி அனுப்பினால், இழப்பின் மேல் இழப்பு சேரும். என் வகுப்புப் படத்துக்கு நேர்ந்தது இதுதான். ஆதலால், பேண வேண்டிய படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது, 'படம்' என்பதைத் தெரிவு செய்யாது 'ஆவணம்' என்பதைத் தெரிவு செய்து அனுப்புக. அப்போது கோப்பு மாற்றமின்றிச் செல்லும்.

முதற்படி: ஓரிடத்திற் சேர்த்தல்

வீட்டில் ஒரு கணினியைத் தெரிந்து, அதில் 'குடும்பப் படங்கள்' என்று ஒரு கோப்புறையை அமையுங்கள். தந்தையின் கைப்பேசி, தாயின் கைப்பேசி, பழைய கைப்பேசி, பென் டிரைவ், நினைவக அட்டை ஆகிய யாவற்றிலிருந்தும் படங்கள் இங்கேயே வந்து சேரவேண்டும்.

கைப்பேசியைக் கேபிள் மூலம் கணினியுடன் இணைத்தால், 'டிசிஐஎம்' என்ற பெயருடைய கோப்புறை தோன்றும். கருவி எடுத்த படங்கள் அதனுள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் பெரும்பாலும் வேறொரு கோப்புறையில் இருக்கும். காலை வணக்கப் பூக்களும் பண்டிகை வாழ்த்துகளும் அதில் நிறைந்திருக்குமாதலால் அவற்றைத் தனியே வைத்துப் பின்னர் தெரிந்தெடுப்பது நன்று. ஐபோன் 2017ஆம் ஆண்டு முதல் 'ஹெயிக்' என்னும் வேறொரு வடிவிற் படங்களைச் சேமிக்கிறது. பழைய கணினி அதனைத் திறக்க மறுத்தால் படம் பழுதாயிற்று என்று எண்ணி அழித்துவிட வேண்டாம். வடிவத்தை மாற்றினால் திறக்கும்.

கணினியிலுள்ள அல்ப மென்பொருளைத் திறந்து, 'இறக்குமதி' எனும் கட்டளையைக் கொடுத்தால், அது இரண்டு கேள்விகளைக் கேட்கக்கூடும். முன்பே சேர்த்த படங்களை மீண்டும் சேர்க்கவா என்பது ஒன்று, வேண்டாம் என்க. சேர்த்தபின் கைப்பேசியிலுள்ள படங்களை அழிக்கவா என்பது மற்றொன்று. அதற்கும் வேண்டாம் என்க. கணினியில் வந்த படங்களைத் திறந்து பார்த்து, வேறோரிடத்திற் பிரதியும் எடுத்த பின்னரே கைப்பேசியில் அழிக்கலாம். அவசரத்தில் அழித்துவிட்டு வருந்துவோர் பலர்.

அச்சிட்ட பழைய படங்கள்

தாயகத்திலிருந்து கொண்டுவந்த அச்சுப் படங்களை ஸ்கேனர் மூலம் கணினிக்கு மாற்றலாம். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்று ஸ்கேனர் கேட்கும். நான்கு அங்குலமும் ஆறு அங்குலமும் கொண்ட ஒரு படத்தை 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால், 1200ஐ 1800ஆற் பெருக்க, ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். 600 புள்ளி வீதம் செய்தால் 86 இலட்சத்துக்கு மேல் கிடைக்கும். அளவு இரட்டித்தால் விவரம் நான்கு மடங்காகும் என்பதை மேல்வகுப்பு மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம். குழுப் படங்களுக்கு 600 வேண்டும். அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படமாயின் 1200 வைப்பது நல்லது.

ஒட்டும் பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் உறையும் கொண்ட அல்பங்களிலுள்ள படங்கள் நாளடைவில் பக்கத்தோடு ஒட்டிப் பழுப்பேறிவிடும். அவற்றை வலிந்து உரித்தால் கிழியும். பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்க. படத்தின் பின்புறம் எழுத்து இருப்பின், அதனையும் ஸ்கேன் செய்யத் தவறாதீர். சில வேளைகளிற் படத்தைவிடப் பின்புறமே மிகுதியாகப் பேசும். புதிதாக அதிற் பெயர் எழுத விரும்புவோர், மென்மையான பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதுக. குமிழ்முனைப் பேனா தாளை அழுத்தி முன்புறத்திலும் வடு ஏற்படுத்தும்.

ஸ்கேனர் இல்லாதவர் கைப்பேசியாலும் படமெடுக்கலாம். பகலில், யன்னலோரத்து வெளிச்சத்தில், பளபளப்பு விழாத கோணத்தில், படத்துக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்து எடுத்தல் வேண்டும். மின்னொளியைத் தவிர்க்க.

பெயரிடலும் அடுக்கலும்

கருவி கொடுக்கும் பெயர் எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். அதிலிருந்து ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு படத்துக்கும் பெயரிட நேரமில்லையெனினும் ஒவ்வொரு கோப்புறைக்கும் பெயரிடுதல் இன்றியமையாதது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதி, பின்னர் நிகழ்வையும் இடத்தையும் எழுதுக. எடுத்துக்காட்டாக, '2024-01-15 பொங்கல் முசஃபா' என்று பெயரிடலாம். நாளை முதலில் எழுதினால், சனவரி பதினைந்துகள் யாவும் ஆண்டு வேறுபாடின்றி ஒன்றாய்க் குவியும். ஆண்டை முதலில் எழுதினாலோ, கணினி தானாகவே காலவரிசையில் அடுக்கிவிடும். பன்னாட்டுத் தர அமைப்பு 1988ஆம் ஆண்டில் வகுத்த நாட்குறிப்பு முறையும் இதுவே.

நாள் தெரியாத பழைய படங்களுக்கு '1985 அளவில்' என்று எழுதுவதில் இழுக்கில்லை. ஆனால், தெரியாததைத் தெரிந்தது போல் எழுதலாகாது. ஸ்கேன் செய்த படத்தின் உறையில் ஸ்கேன் செய்த நாளே பதியுமாதலால், அதனைத் திருத்தாவிடில் அப்பப்பாவின் திருமணம் இவ்வாண்டு நடந்ததாக மென்பொருள் காட்டும். பெரும்பாலான அல்ப மென்பொருள்களில் நாளைத் திருத்தும் வசதி உண்டு.

கோப்புறை வேறு, அல்பம் வேறு என்பதையும் மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு படம் ஒரு கோப்புறையில்தான் இருக்கும். ஆனால் அதே படம் 'அம்மம்மா', 'திருவிழா', 'சிறந்த படங்கள்' என மூன்று அல்பங்களில் இடம்பெறலாம். நூலகத்திற் புத்தகம் ஒரு தட்டில் இருக்க, அதன் அட்டைக் குறிப்பு ஆசிரியர் பெயரிலும் பொருளிலும் தனித்தனியே இருப்பதைப் போன்றது இது.

யார் எவர் என எழுதுதல்

இதுவே இப்பணியின் உயிர்ப்பகுதி. ஒரு படத்துக்கு நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும்: யார், எங்கே, எப்போது, என்ன நிகழ்வு. குழுப் படமாயின் 'இடமிருந்து வலம்' என்று தொடங்கி வரிசைப்படி பெயர்களை எழுதுக. 'அம்மா', 'மாமா' என்று மட்டும் எழுதினாற் போதாது. உங்கள் அம்மா உங்கள் பேரப்பிள்ளைக்கு அம்மா அல்லர். முழுப் பெயரும் ஊரும் எழுதி, பின்னர் உறவுமுறையை எழுதுக.

பல மென்பொருள்கள் ஒத்த முகங்களைத் தாமே சேர்த்துக் காட்டுகின்றன. ஒரு முகத்துக்குப் பெயர் கொடுத்தால் அம்முகமுள்ள ஏனைய படங்களையும் தேடித் தரும். இது பேருதவியே. எனினும், அக்காவைத் தங்கையாகவும், மகனைத் தந்தையாகவும் அது மயங்குவதுண்டு. இறுதித் தீர்ப்பை மூத்தவர்களிடமே கேட்டுப் பெறுக.

விளக்கத்தைத் தமிழிலேயே எழுதலாம். யூனிகோட் எழுத்தில் எழுதவேண்டும். முன்னாளிற் பாமினி முதலிய எழுத்துருக்களில் எழுதிய குறிப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றுவதைப் பெற்றோர் அறிவர். யூனிகோட்டில் எழுதியது எக்கணினியிலும் தமிழாகவே தோன்றும்.

எழுதியது எங்கே சேமிக்கப்படுகிறது என்பதையும் கவனித்தல் வேண்டும். பிக்காசா என்ற மென்பொருளை நம்மிற் பலர் விரும்பிப் பயன்படுத்தினோம். கூகுள் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அதனை வாங்கி இலவசமாக அளித்தது. 2016 மார்ச் மாதத்தில் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. கோப்புறைகளில் இருந்த படங்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால், அதனுள் அமைத்த அல்பப் பிரிவுகள் அம்மென்பொருளின் சொந்தக் குறிப்பேட்டில் இருந்தமையால், புதிய மென்பொருளுக்கு மாறியபோது பலர் அவற்றை இழந்தனர். ஆதலால், விளக்கத்தைப் படக் கோப்பின் உறையிலேயே எழுதும் மென்பொருளைத் தெரிந்தெடுத்தல் நலம். இலவசமாகக் கிடைக்கும் 'டிஜிகாம்' அத்தகையது. படத்தினுள் எழுதும்படி அதன் அமைப்பிற் குறித்துவிட வேண்டும். கூகுள் போட்டோசில் எழுதும் விளக்கம் அச்சேவையிடமே இருக்கும். தொகுப்பு முழுவதையும் இறக்கும்போது அது படத்தோடு ஒட்டாத தனிக் கோப்பாகவே கிடைக்கும். மென்பொருள்கள் வரும், போகும். படமும் அதன் பெயரும் பிரியாதிருக்க வேண்டும்.

கழித்தல்

ஒரே காட்சியைப் பன்னிரு முறை எடுத்திருப்பின், மிகச் சிறந்த இரண்டை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்குக. நெல்லைத் தூற்றாமற் களஞ்சியத்திற் கொட்டினால் பதரும் சேர்ந்து இடத்தை அடைக்கும். எனினும், மங்கலான படமாயினும் அதில் உள்ளவருக்கு வேறு படம் இல்லையெனில் அதனை நீக்காதீர்.

பிரதிகள்

1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்தன. வேறெங்கும் பிரதி இருந்தவற்றை மீண்டும் வாங்க முடிந்தது. பிரதி இல்லாதவை போனவை போனவையே. பெரிய நூலகத்துக்கு உரிய இந்நியதி நம் வீட்டு அல்பத்துக்கும் உரியது.

ஒளிப்படக் கலைஞர்கள் 'மூன்று, இரண்டு, ஒன்று' என ஒரு விதியைப் பின்பற்றுவர். மூன்று பிரதிகள் இருக்கவேண்டும். அவை இரு வேறு வகைப் பொருள்களில் இருக்கவேண்டும். ஒன்றேனும் வேறோர் ஊரில் இருக்கவேண்டும். நமக்கு இது கடினமன்று. ஒரு பிரதி கணினியில். இன்னொன்று தனி வன்தட்டில். மூன்றாவது தாயகத்திலோ வேறு நாட்டிலோ உள்ள சகோதரரிடத்திலோ இணையச் சேமிப்பிலோ இருக்கலாம். நம் குடும்பங்கள் பல நாடுகளிற் சிதறியிருப்பது துன்பமே. இவ்வொன்றில் மட்டும் அது துணையாகிறது.

இணையச் சேமிப்பை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கூகுள் போட்டோஸ் 2015ஆம் ஆண்டில் தொடங்கியபோது அளவற்ற இடத்தை இலவசமாக அளித்தது. 2021 யூன் 1ஆம் நாள் முதல் அவ்வசதி நின்றது. மின்னஞ்சலையும் சேர்த்து 15 கிகாபைட் மட்டுமே இன்று இலவசம். படமொன்று மூன்று மெகாபைட் எனக் கொண்டால் ஏறத்தாழ 5,000 படங்களில் அது நிரம்பிவிடும். மேலும், கைப்பேசியும் இணையமும் ஒத்திசைந்திருக்கும்போது ஓரிடத்தில் அழித்தால் மற்றோரிடத்திலும் அழியும். ஒத்திசைவு வேறு, பிரதி வேறு என்பதை மறவாதீர். பெரிய நிறுவனங்களும் இடருக்கு விலக்கல்ல. 2023 ஒக்ரோபரில் நிகழ்ந்த இணையத் தாக்குதலால் இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தின் இணையச் சேவைகள் பல மாதங்கள் முடங்கின.

முசஃபாவில் வாழும் நமக்குச் சில தனிக் கவனங்களும் உண்டு. கோடையில் மூடிய வாகனத்துள் வன்தட்டை விட்டுச் செல்லாதீர். அவ்வெப்பம் அதனைக் கெடுக்கும். பட்டறைத் தூசியும் கடற்காற்றின் ஈரமும் கருவிகளுக்குப் பகை. வன்தட்டை மூடிய பெட்டியில், காற்றுப் புகாத உறையிலிட்டு வைக்க. எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் இங்கே நிலைத்து வாழ வந்தவர்கள் அல்லர். வேலை முடிந்தால் புறப்பட வேண்டும். புறப்படும் வாரத்திற் கார்கோப் பெட்டி கட்டவே நேரம் போதாது. படம் தேட நேரம் ஏது? வெள்ளம் வருமுன் அணை கோலுதல் அறிவுடைமை.

பிறர் படமும் நம் பொறுப்பும்

இந்நாட்டில் ஒருவரை அவரது இசைவின்றிப் படமெடுத்தலும் அப்படத்தைப் பரப்புதலும் 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க இணையக் குற்றச் சட்டத்தின்படி தண்டனைக்குரியன. விழா மேடையில் உங்கள் பிள்ளையின் அருகே நிற்பது பிறர் பிள்ளை. குடும்பத் தொகுப்பில் வைத்துக்கொள்வதும் ஊரறியப் பரப்புவதும் ஒன்றல்ல. பரப்புமுன் அப்பெற்றோரிடம் கேளுங்கள். படத்தின் உறையில் வீட்டு இருப்பிடம் பதிந்திருப்பின் அதனை நீக்கிவிட்டு அனுப்புக.

அறிஞர் ஆற்றும் பணி

தனி வீடுகளில் நாம் செய்யும் இதே பணியைப் பெரிய அளவிற் செய்யும் நிறுவனங்கள் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள் தொடங்கித் தென்னிந்தியக் கோயில்களை ஊர்வாரியாகப் படமெடுத்து, ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட படங்களைத் தொகுத்துள்ளது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் எஞ்சியுள்ள குடும்பப் படங்களையும் அந்நிறுவன ஆய்வாளர்கள் தேடி மின்படிகளாக்கினர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னூலகமாக்க 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் நிறுவனம், ஒளிப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இன்று திரட்டி வருகிறது. இத்தகைய நிறுவனங்கள் ஒவ்வொரு படத்தோடும் அதுபற்றிய விவரத்தையும் பதிகின்றன; விவரமற்ற படத்தால் ஆய்வாளருக்குக் கிட்டும் பயன் சிறிதே. இன்று நீங்கள் பெயரெழுதிப் பேணும் படம் நாளை ஒரு வரலாற்றுச் சான்றாகவும் கூடும்.

விடுமுறைப் பயிற்சி

மாணவர்களே, இந்த ஆண்டு விடுமுறைக்கு உங்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். வீட்டிலுள்ள பழைய படங்களிற் பத்தைத் தெரிந்தெடுங்கள். அவற்றை ஸ்கேன் செய்து, ஆண்டு முன்வரப் பெயரிடுங்கள். ஊரிலிருக்கும் அம்மம்மா, அப்பப்பா, பாட்டி, தாத்தா எவரையேனும் தொலைபேசியில் அழைத்து, ஒவ்வொரு படத்திலும் உள்ளவர் யாரென்று கேளுங்கள். அவர்கள் கூறுவதைத் தமிழில் எழுதி, படத்தினுள் சேருங்கள். உறவுமுறைப் பெயர்களையும், ஊர்ப் பெயர்களையும், வாக்கியம் அமைக்கும் பயிற்சியையும் ஒருங்கே பெறுவீர்கள். பெற்றோர்களே, இதனைப் பிற்போடாதீர். ஸ்கேனரை அடுத்த ஆண்டும் வாங்கலாம். பெயர் சொல்லக் கூடியவர் அடுத்த ஆண்டும் இருப்பாரென்று எவரும் உறுதி கூற முடியாது.

என் வகுப்புப் படத்தின் மீதிக் கதையையும் கூறி முடிக்கிறேன். அத்தாயைத் தேடித் தொடர்புகொண்டேன். அவர் படத்தை ஒரு ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்று, 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்வித்து, ஆவணமாக அனுப்பி வைத்தார். அதனைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, மங்கிக் கிடந்த ஐந்து முகங்களும் தெளிந்தன. மூவரின் பெயர்கள் கண்டவுடன் என் வாயில் வந்தன. அம்முகங்களுக்கு நேரே அவற்றை எழுதினேன். இருவரின் முகங்களை நன்றாக அறிவேன். ஒருவன் எப்போதும் யன்னலோரத்தில் இருப்பவன் என்பதும் நினைவிருக்கிறது. பெயர் வரவில்லை. அக்காலத்து மாணவர் எவரிடம் பேசினாலும் அப்படத்தை அனுப்பிக் கேட்கிறேன்.

'பின்வரிசை, இடமிருந்து நான்காமவர்', 'பின்வரிசை, இடமிருந்து ஏழாமவர்' என்று எழுதி, அவற்றின் எதிரே இடம் விட்டு வைத்திருக்கிறேன்.